அட்டைக்கு 85, பொம்மைக்கு எவ்வளவு?

விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு வழியாகத் தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலையும், திருச்சியிலிருந்து சிதம்பரம் போகும் சாலையும் மீன்சுருட்டியில் சந்திக்கின்றன. முதல் சாலையைப் பொம்மைச் சாலை என்றே சொல்லலாம். வடக்கே பண்ருட்டியில் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் கொலு பொம்மை. தெற்கே கொள்ளிடம் தாண்டி கும்பகோணத்தை ஒட்டிய சுவாமிமலையில் உலோகச் சிலை. அதையும் தாண்டித் தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை. கொலு பொம்மையைத் திருப்பி, அச்சின் இரு பாதியும் சேரும் விளிம்பு ஒழுங்காகத் தேய்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. தலையாட்டி பொம்மைக்குச் சோதனை இன்னும் எளிது. தள்ளிவிட்டால் தானாக எழுந்து நிற்க வேண்டும். சுவாமிமலை ஸ்தபதி தென்னை ஓலை நறுக்கை மடித்துத் தாள அளவு எடுக்கிறார். முகம் ஒரு பங்கு என்றால் உடல் எத்தனை பங்கு என்ற கணக்கு அந்த ஓலையில் இருக்கிறது. மூன்றிலும் தரம் பார்ப்பது கையும் கண்ணும்தான்.

இதே மீன்சுருட்டியில் ஒருவருக்கு ஸ்டார் வார்ஸ், டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஜி.ஐ. ஜோ போன்ற அறிவியல் புனைவு உருவங்களைச் சேர்க்கும் ஆசை வந்துவிட்டால் கையில் எடுத்துப் பார்க்கக் கடை இல்லை. செல்போனில் வரும் நாலு படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, கூரியர் வரும்வரை காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொம்மை என்றால் சுங்கவரி வேறு. 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் அது உயர்த்தப்பட்டது. இவ்வளவு செலவழித்துப் பார்க்காமலே வாங்குகிறவருக்கு யாராவது ஒருவர் நம்பகமாகத் தரம் சொன்னால் போதும் என்று தோன்றுவது நியாயம். மதிப்பெண் முறை அந்தத் தேவையிலிருந்துதான் வளர்ந்தது.

அமெரிக்காவின் ஆக்‌ஷன் ஃபிகர் அத்தாரிட்டி இதில் பேர்பெற்ற நிறுவனம். பொம்மையை அனுப்பினால் அவர்கள் ஆராய்ந்து, 100 வரை போகும் அளவுகோலில் ஒரு எண் கொடுத்து, அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். பிரிக்காத பொம்மை என்றால் அட்டைக்கு ஒன்று, அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழுக்கு ஒன்று, உள்ளே இருக்கும் உருவத்துக்கு ஒன்று என்று தனித்தனி மதிப்பெண்களும் உண்டு. 85 என்றால் ஏறக்குறையப் புத்தம் புதுசு. பழைய பொம்மைகளில் 90-ஐத் தாண்டுவது அபூர்வம்.

இந்த முறையின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1978-ல் கென்னர் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் உருவங்களைக் கொண்டுவந்தபோது ஜாவா என்ற குட்டிப் பாத்திரத்துக்கு முதலில் வினைல் மேலங்கி போட்டார்கள். அது மலிவாகத் தெரிந்ததால் சீக்கிரமே துணி அங்கிக்கு மாறினார்கள். வினைல் அங்கி ஜாவா அதனால் அரிதாகிவிட்டது. போலியும் பெருகியது. அதே வரிசையில் வந்த பென் கெனோபியின் வினைல் அங்கியைக் கத்தரித்து ஜாவாவுக்கு மாட்டி விற்கும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. வெட்டு விளிம்பு, வினைலின் தடிமன், நிறம், கை நுழையும் துளை ஆகியவற்றை அசலோடு ஒப்பிட்டுச் சொல்லப் பழகிய கண் வேண்டும். அந்தக் கண்ணைக் காசு கொடுத்து வாங்க முடிகிறது என்பது மதிப்பெண் முறை செய்த பெரிய உதவி. விற்பவரும் வாங்குபவரும் ஒரே மொழியில் பேரம் பேச முடிகிறது. ‘நல்லா இருக்கும் சார்’ என்ற வாய்ச்சொல்லுக்குப் பதிலாக ஒரு எண் கிடைக்கிறது.

ஆனால் அந்த எண் எதை அளக்கிறது? அட்டையின் மூலை மடிந்திருக்கிறதா, குமிழ் மஞ்சளித்திருக்கிறதா, பெயின்ட் உரசியிருக்கிறதா என்பதைத்தான். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்து அந்தப் பொருள் எவ்வளவு கெடாமல் இருக்கிறது என்பதே கேள்வி. அது நன்றாகச் செய்யப்பட்டதா என்ற கேள்வி அந்தச் சீட்டில் எங்கேயும் இல்லை. முகச் செதுக்கல் மொண்ணையாக இருந்தாலும், முழங்கால் மடங்காவிட்டாலும், மூலை மடியாத அட்டையில் இருந்தால் 85 வாங்கிவிடலாம். அருமையாகச் செய்யப்பட்ட உருவம் ஒரு குழந்தை கையில் பத்து ஆண்டு இருந்துவிட்டால் மதிப்பெண் சரிந்துவிடும். நிலையைத் தரமாக எண்ணிக்கொள்வதில்தான் இந்தப் பொழுதுபோக்கு பெரிதாகச் சறுக்குகிறது.

இதற்குத் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள சாட்சியே இருக்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமானது. பலூனில் பிறந்த நிறுவனம் 1987-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஃபன்ஸ்கூல் என்ற பொம்மை நிறுவனத்தைத் தொடங்கியது. கோவாவில் ஆலை, பின்னர் ராணிப்பேட்டையிலும் வந்தது. 1990-களில் இந்தியக் கடைகளில் தொங்கிய ஜி.ஐ. ஜோ அட்டைகள் ஃபன்ஸ்கூலின் தயாரிப்பு.

ஜி.ஐ. ஜோவை வெறும் பட்டாளத்துப் பொம்மை என்று ஒதுக்க முடியாது. 1964-ல் ஹாஸ்ப்ரோ அதை ஏறக்குறைய 30 செ.மீ. உயரச் சிப்பாயாகக் கொண்டுவந்தபோது, பையன்கள் ‘பொம்மை’ வாங்க மாட்டார்கள் என்று அஞ்சி ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயரையே புதிதாக வைத்தது. 1982-ல் விரல் நீளத்துக்குச் சுருங்கி மறுபடி வந்தபோது எதிரிப் படையாகக் கோப்ரா சேர்ந்தது. அதன்பின் லேசர் துப்பாக்கி, பழங்கால வெற்றி வீரர்களின் மரபணுவைக் கலந்து உருவாக்கிய செர்பென்டார் என்ற சக்கரவர்த்தி (1986), விண்வெளிப் படை (1993) என்று அது முழு அறிவியல் புனைவாகவே மாறிப்போனது.

ஃபன்ஸ்கூலுக்கு வந்தவை ஹாஸ்ப்ரோ ஏற்கெனவே ஓட்டிய அச்சுகள். எஃகு அச்சு ஓட ஓட விளிம்பு மழுங்கும். பட்டன், பெல்ட், துணி மடிப்பு போன்ற நுணுக்கம் மங்கும். பெயின்ட் படிநிலைகள் குறைக்கப்பட்டன. அமெரிக்க உருவத்தில் பல நிறத்தில் இருந்த சீருடை இங்கே சில சமயம் இரண்டு நிறத்தில் முடிந்தது. ஒரே பாத்திரம் ஒரு தொகுப்பில் ஒரு நிறத்திலும் அடுத்த தொகுப்பில் வேறு நிறத்திலும் வந்தது. கட்டுப்பாடு தளர்ந்த உற்பத்தி என்று இதைச் சொன்னால் தப்பில்லை. சுவாமிமலையில் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறார்கள். அதனால் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை, அதுவே அதன் பெருமை. ஆலைப் பொருளில் அதே வேறுபாடு குறையாகக் கணக்கிடப்படுகிறது.

சேகரிப்பாளர்களின் தீர்ப்போ வேறாக இருந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜோ சேர்ப்பவர்களில் ஒரு பெரும் கூட்டம் இந்தியப் பதிப்புகளைத் தேடி வாங்கியது. ஹாஸ்ப்ரோ ஒருபோதும் போடாத பளிச்சென்ற நிறக்கலவை இங்கேதான் கிடைத்தது. தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஸ்ட்ரீட் ஹாக் நினைவிருக்கும். கணினி பொருத்திய கறுப்பு மோட்டார் சைக்கிளில் பறக்கும் நாயகன். 1985-ல் அமெரிக்காவில் 13 பகுதிகளே ஓடி நின்றுபோன தொடர் அது. இந்தியாவில் அது பிரபலமானதும், ஜோ வரிசையின் பாகங்களைக் கொண்டே ஃபன்ஸ்கூல் ஒரு ஸ்ட்ரீட் ஹாக் உருவத்தைக் கொண்டுவந்தது. தொலைக்காட்சியில் பார்த்ததோடு ஒற்றுமை குறைவுதான். செதுக்கலுக்கு மதிப்பெண் போட்டால் பாதிகூடத் தேறாது. ஆனாலும் எந்த ஊரில், எந்தப் பத்தாண்டில், எந்தக் குழந்தைகளுக்காக அது செய்யப்பட்டது என்பதை அந்தப் பொம்மை தெளிவாகச் சொல்கிறது. எண் சீட்டில் இதற்கு இடம் கிடையாது. தரம் பார்க்கும் முறைக்கு இதைவிடப் பெரிய ஓட்டை வேண்டியதில்லை.

கையால் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு ஒரு ஜோ உருவத்தையே எடுத்துக்கொள்ளலாம். முதுகில் ஒற்றை ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றினால் மார்பு இரண்டு பாதியாகப் பிரியும். கைகளும் தலையும் தனியே வந்துவிடும். உள்ளே கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று, மேலே மார்பிலும் கீழே இடுப்பில் கால்களைக் கோத்த கொக்கியிலும் மாட்டி இழுத்துப் பிடித்திருக்கும். உருவம் இடுப்பில் திரும்புவதும் கால் மடக்கி உட்காருவதும் அந்த ஓ-ரிங் தயவில்தான். முப்பது ஆண்டில் ரப்பர் காய்ந்து அறுந்துபோகும். கால்கள் தொளதொளவென்று தொங்கினால் ரிங் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது குறையே இல்லை, பொருத்தமான அளவில் வேறு ரிங் போட்டு ஸ்க்ரூவை முறுக்கினால் எழுந்து நிற்கும். உண்மையான சேதம் வேறு இடத்தில் இருக்கிறது. தடித்த கைப்பிடியுள்ள துப்பாக்கியைத் திணித்ததில் முறிந்த கட்டைவிரல், ரிங் இறுக்கத்தில் விரிசல் விட்ட இடுப்புத் துண்டு, முழங்கை ஆணியைச் சுற்றி மயிரிழைக் கீறல். இந்த மூன்றையும் முன்பக்கப் படம் காட்டாது. பிரிக்காத அட்டைக்குள் ரிங் அறுந்திருந்தாலும் குமிழின் அழுத்தத்தில் உருவம் நேராகவே நிற்கும், விற்பவருக்கே தெரிந்திருக்காது.

அசைவையும் இதேபோல் சூழலோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். 1978-ன் ஸ்டார் வார்ஸ் உருவத்துக்கு அசையும் இடம் ஐந்தே: கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு மூட்டு. ஜோவுக்கு 1982-லேயே முழங்கையும் முழங்காலும் மடங்கின. மறு ஆண்டு புஜத்தில் சுழற்சியும் வந்தது. இன்றைய உருவங்கள் மணிக்கட்டு, கணுக்கால்வரை திரும்புகின்றன. மூட்டு கூடக்கூட உருவத்தின் கோடு துண்டு துண்டாகிறது என்பது உண்மை. அலமாரியில் வைத்துப் பார்ப்பவருக்கு அது குறை. எடுத்து விளையாடுகிறவருக்கு நிறை. எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லாமல் ‘நல்ல பொம்மை’ என்று சொல்வதில் பொருளில்லை.

பாதுகாப்பு இன்னொரு அளவுகோல். அதுவும் மற்றவற்றோடு ஒத்துப்போவதில்லை. கென்னர் 1979-ல் முதுகிலிருந்து ராக்கெட் பாயும் போபா ஃபெட் உருவத்தைத் தருவதாக விளம்பரம் செய்தது. 1978 இறுதியில் வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. அதனால் கென்னர் ராக்கெட்டை உடம்போடு ஒட்டித்தான் விற்றது. பாயும் ராக்கெட்டோடு எஞ்சிய மாதிரிகளில் ஒன்று 2024-ல் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. குழந்தைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட பொம்மை அப்படியே விலையின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. கென்னர் செய்தது சரி; ஏலத்தில் எடுத்தவரையும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் விலையைக் காட்டித் தரத்தை நிரூபிக்க முடியாது என்பதற்கு இது போதுமான சான்று.

இந்தியாவில் 2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சிறு பாகம் கழன்று வருமா, கூர்முனை உண்டா, ஈயம் போன்ற உலோகங்கள் வரம்பு மீறியிருக்கின்றனவா என்றெல்லாம் சோதிக்கிறார்கள். வீட்டில் குழந்தை இருந்தால் முதலில் தேட வேண்டியது இந்த முத்திரையைத்தான். வேறு எந்த அழகும் அதற்குப் பிறகுதான். முத்திரை செதுக்கலைப் பற்றி எதுவும் சொல்லாது என்பது வேறு விஷயம்.

நம் ஊர் வெயிலை எந்த அளவுகோலும் கணக்கில் எடுப்பதில்லை. பி.வி.சி. பிளாஸ்டிக்கில் இளக்கத்துக்காகச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் சூட்டில் மேலே கசிந்து பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். காற்றுப் புகாத பெட்டிக்குள் அது வெளியேற வழியில்லாமல் மேற்பரப்பிலேயே தங்கும். மெல்லிய கணுக்கால் வளைந்து உருவம் சாயும். வெள்ளை பிளாஸ்டிக் வெளிச்சத்தில் மஞ்சளாகும். பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சிலவற்றில் தங்கநிறத் துகள் கலந்த பிளாஸ்டிக் தொட்டாலே உதிர்கிறது. அது வைத்திருந்தவரின் தவறன்று, கலவையின் கோளாறு. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு கோடை தாண்டிய பொம்மைக்கு, முன்பு எப்போதோ கொடுத்த 85 இன்றும் பொருந்துமா என்பது சந்தேகம்தான். எண் கொடுத்த நாளில் நின்றுவிடுகிறது, பிளாஸ்டிக் நிற்பதில்லை.

ஆக, பழைய, விலை கூடிய, போலி மலிந்த பொம்மைக்கு மதிப்பெண் பெட்டி தகும். ஜாவா விஷயத்தில் அது இல்லாமல் இறங்குவது ஆபத்து. நூறு, ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கும் உருவத்தை அமெரிக்காவுக்கு அனுப்பி எண் வாங்குவது வீண்செலவு. அதைவிட, பணம் கட்டுவதற்கு முன்னால் விற்பவரிடம் அரை நிமிட வீடியோ கேட்கலாம். முதுகு ஸ்க்ரூ தெரியட்டும். இடுப்பைத் திருப்பிக் காட்டட்டும். இரண்டு கட்டைவிரலும் கிட்டத்தில் தெரியட்டும். பகல் வெளிச்சத்தில் முகத்தைக் காட்டட்டும். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

பரணில் 1990-களின் ஃபன்ஸ்கூல் ஜோ கிடக்கும் வீடுகள் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமும் இருக்கக்கூடும். கை உடைந்திருந்தாலும் அதைப் பழைய பிளாஸ்டிக் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். அட்டை இருந்தால் ஈரத்துணி படாமல் தனியே எடுத்து வையுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கடையில் வாங்கியது என்பது நினைவிருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதோடு போட்டுவையுங்கள். ஃபன்ஸ்கூலின் நிறமாற்றங்கள் எப்போது வந்தன என்பதை வரிசைப்படுத்த முயல்கிறவர்களுக்கு அப்படிப்பட்ட சீட்டுகள்தான் ஆதாரம்.