நீராவி எஞ்சின்களை மீண்டும் ஓட்டும் மரபுகள்

பழைய நீராவி எஞ்சின் ஒன்றைக் காட்சிக்கு வைப்பது ஒரு வேலை; அதையே மறுபடி பெட்டிகளோடு பூட்டி ஓடவைப்பது முற்றிலும் வேறு வேலை. நின்றுகொண்டிருக்கும் எஞ்சினுக்குத் துரு ஏறாமல் இருந்தால் போதும். ஓடும் எஞ்சினின் கொதிகலனுக்குள் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 220 இறாத்தல் வரையான அழுத்தத்தில் நீராவி அடைபட்டிருக்கும். அதை எழுபது, நூறு ஆண்டுப் பழமையான தகடுகள் தாங்க வேண்டும். தகடு தேய்ந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். மாற்ற மாற்ற, பழைய எஞ்சின் என்று சொல்வதற்கு மிஞ்சும் பங்கு குறைந்துகொண்டே போகும். பழமையைக் காப்பதா, பாதுகாப்பைக் காப்பதா என்ற இந்த முரண்பாட்டை எப்படித் தீர்ப்பது என்பதில்தான் உலகின் புதுப்பிப்பு மரபுகள் பிரிகின்றன.

முதலில் உருவானது பிரித்தானியாவின் தொண்டர் மரபு. வேல்ஸ் நாட்டில் மூடப்படவிருந்த தாலிலின் என்ற சிறு பாதையை 1951இல் ஆர்வலர்கள் சங்கமாகச் சேர்ந்து பொறுப்பேற்றார்கள். சம்பளமில்லாமல் பாதை போட்டார்கள், எஞ்சினைக் கழுவினார்கள், பயணச்சீட்டு விற்றார்கள். 1960இல் புளூபெல் பாதை அதே வழியில் திறந்தது. 1968 ஓகஸ்ட் 11ஆம் திகதி பிரித்தானியத் தேசிய ரயில்வேயின் முதன்மைப் பாதைகளில் நீராவி ஓட்டம் முடிவுக்கு வந்தபோது, கைவிடப்பட்ட எஞ்சின்களை ஏற்கத் தொண்டர்கள் தயாராக இருந்தார்கள். வேல்ஸின் பாரி என்ற ஊரிலிருந்த பழைய இரும்புக் கிடங்கிலிருந்து மட்டும் 213 எஞ்சின்கள் மீட்கப்பட்டன. ஐரோப்பிய ஆர்வலர் சங்கங்கள் 2005இல் ஏற்றுக்கொண்ட ரீகா சாசனம் இந்த மரபின் ஒழுக்க நூல் எனலாம். முடிந்தவரை மூலப் பாகங்களைக் காத்தல், மாற்றியதைப் பதிவு செய்தல், ஓடவைப்பதையே பாதுகாப்பின் ஒரு பகுதியாகக் கருதுதல் ஆகியவை அதன் சாரம்.

அதே பிரித்தானியாவில் இன்னொரு கிளையும் முளைத்தது. ஏ1 வகையில் இருந்த 49 எஞ்சின்களும் உடைக்கப்பட்டுவிட்ட நிலையில், ஐம்பதாவதாக ‘டொர்னேடோ’ புதிதாகக் கட்டப்பட்டு 2008இல் ஓடியது. அதன் கொதிகலன் ஜெர்மனியின் மைனிங்கன் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. பழைய இரும்பு ஒரு துண்டும் இல்லாத எஞ்சினை மரபுச் சின்னம் என்று சொல்லலாமா என்ற விவாதம் ஆர்வலரிடையே எழுந்தது. அந்த விவாதத்துக்கு நம் பக்கத்தில் வேறொரு விடை இருக்கிறது.

தெற்காசியாவில் எஞ்சினைக் காத்தவர்கள் தொண்டர்களல்லர். அரச ரயில்வேயின் பட்டறைத் தொழிலாளர்கள். இந்தியாவில் அகலப் பாதை நீராவி ஓட்டம் 1995 டிசம்பர் வரை நீடித்தது. எனவே கை மறக்கும் முன்பே புதுப்பிப்பு வேலை தொடங்கிவிட்டது. இதில் சென்னை பெரம்பூர் லோகோ தொழிற்சாலைக்கு முதல் மரியாதை தரவேண்டும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் கட்டப்பட்டு, 1909இல் ஓய்வு பெற்று, பின்னர் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நின்ற ‘ஃபேரி குயின்’ பெரம்பூரில் புத்துயிர் பெற்று 1997இல் டெல்லி–ஆல்வார் பாதையில் ஓடியது. இயங்கும் நீராவி எஞ்சின்களில் மிகப் பழையது என்று அடுத்த ஆண்டு கின்னஸ் நூலில் இடம்பெற்றது. 2011இல் அதன் பாகங்கள் திருட்டுப்போனபோதும் பெரம்பூரே மறுபடி சரிசெய்தது. அதே 1855இல், அதே லீட்ஸ் தொழிற்சாலையில் பிறந்த ‘இஐஆர் 21’ இன்னும் கடினமான வேலை. நூறாண்டுக்கு மேல் வெறும் காட்சிப்பொருளாக நின்றதால் பல பாகங்கள் இல்லை. அவற்றை வரைந்து, வார்த்து, கடைந்து சேர்த்து, 2010 ஓகஸ்ட் 15 அன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை ஓட்டிக் காட்டினார்கள். வடக்கே ஹரியானாவில் 1893இல் எழுந்த ரேவாரி ஷெட் இன்று அகலப்பாதை, மீற்றர் பாதை எஞ்சின்களை வேலை செய்யும் நிலையிலேயே வைத்திருக்கிறது.

பட்டறை மரபின் உச்சம் நீலகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீற்றர்; 208 வளைவுகள், 16 குகைகள், ஏறத்தாழ 250 பாலங்கள். பாதை 1899இல் குன்னூரை எட்டி, 1908இல் உதகையில் முடிந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம். வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். ஆகவே நடுவில் பற்சட்டம் பதித்து, எஞ்சினுக்கு அடியில் பற்சக்கரம் பூட்டியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை வடிவமைத்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். சமதரையில் இரண்டு மட்டும் வேலை செய்யும். ஏற்றத்தில் அவற்றிலிருந்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மற்ற இரண்டுக்குள் புகுந்து பற்சக்கரத்தைச் சுழற்றும். எஞ்சின் ரயிலின் கீழ்முனையில் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். பெட்டி கழன்றாலும் உருண்டோட வழியில்லை.

2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது எஞ்சின்கள் அரை நூற்றாண்டு தாண்டித் தளர்ந்திருந்தன. 1928 முதல் தென்னகத்து எஞ்சின்களைப் பழுதுபார்த்து வந்த திருச்சி பொன்மலைப் பணிமனை வெறும் பழுதுபார்ப்போடு நிற்கவில்லை. 2011 முதல் எண்ணெயால் எரியும் புதிய எக்ஸ் எஞ்சின்களையும், 2021இல் நிலக்கரியால் இயங்கும் புதிய ஒன்றையும் முழுமையாகக் கட்டியது. டொர்னேடோவை ஒரு தலைமுறை ஆர்வலர்கள் நன்கொடை திரட்டிக் கட்டினார்கள். பொன்மலை எஞ்சின்கள் நாள்தோறும் பயணிகளைச் சுமப்பதற்காகக் கட்டப்பட்டன. பழைய வடிவம், பழைய வேலை, பழைய பாதை ஆகிய மூன்றும் தொடரும்போது இரும்பு புதிது என்பது குறையாகாது. மரபு தங்குவது இரும்பில் அல்ல, அதைச் செய்யத் தெரிந்த கையில் என்பதைப் பொன்மலை செய்து காட்டியிருக்கிறது. டார்ஜிலிங் பாதையிலும் இதே நிலைதான். 1889க்கும் 1925க்கும் இடையே கட்டப்பட்ட பி வகை எஞ்சின்களைத் திந்தாரியா பட்டறை இன்றுவரை தாங்கி நிற்கிறது.

இலங்கையில் முதல் ரயில் 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. இந்திய அகலப் பாதையின் அதே 1,676 மில்லிமீற்றர் அகலமே இங்கும். 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த டீசல் எஞ்சின்கள் வந்தபின், பொது முகாமையாளர் பி. டி. ரம்பாலவின் காலத்தில் நீராவி வேகமாக ஒதுங்கியது. மிஞ்சிய சிலவற்றுக்கு உயிர் கொடுத்தது சுற்றுலா. 1986இல் தனியார் பயண நிறுவனம் ஒன்று ரயில்வேயோடு சேர்ந்து ‘வைஸ்ரோய் ஸ்பெஷல்’ என்ற ரயிலைத் தொடங்கியது. எஞ்சின்களைத் தெமட்டகொட ஷெட் பேணியது. பி1 வகையைச் சேர்ந்த 340 ‘பிரடெரிக் நோர்த்’, 251 ‘சேர் தோமஸ் மெயிற்லண்ட்’ ஆகியவை ஆர்வலர் நன்கறிந்தவை. இரண்டும் முதல் இரு ஆங்கிலேய ஆளுநர்களின் பெயர் தாங்கியவை. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை ஏறும் பகுதியே இவற்றுக்கு உண்மையான பரீட்சை. நாற்பத்துநான்கு அடிக்கு ஓர் அடி ஏற்றத்தில் ஃபயர்மேனின் கை ஒருகணமும் ஓயாது. அந்த ஏற்றத்தின் உச்சியிலேயே, ரயில்வேயின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவான 2014 டிசம்பர் 27இல், தேசிய ரயில்வே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது பொருத்தமே.

இந்தச் சுற்றுலா மரபின் வலிமையும் பலவீனமும் ஒன்றே: அது வருவோரின் பணத்தில் நிற்கிறது. வெளிநாட்டு ஆர்வலர் குழுக்கள் எஞ்சினை மட்டுமல்ல, படத்தையும் கேட்கின்றன. அவர்களை நல்ல வளைவில் இறக்கிவிட்டு, ரயில் பின்னோக்கிச் சென்று, புகை கக்கியபடி மீண்டும் ஓடிவரும். அந்த ஓட்டம் எரிபொருளும் நேரமும் தின்றாலும் பட்டறைக்குச் சம்பளம் தருவதும் அதுவே. யுத்தமோ தொற்றோ வந்து விருந்தினர் நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். நின்ற கொதிகலன் ஓடுவதைவிட விரைவாகத் துருவேறும்.

எந்த மரபாயினும் தரத்தின் முதல் அளவுகோல் கொதிகலன்தான். முதலில் தகட்டின் தடிப்பை ஒலியலைக் கருவியால் அளக்கிறார்கள். நெருப்புப் பெட்டியின் உட்சுவரையும் வெளிச்சுவரையும் பிடித்து நிற்கும் நூற்றுக்கணக்கான ஸ்டே ஆணிகளைச் சுத்தியலால் தட்டிச் சோதிக்கிறார்கள். முறிந்த ஆணியின் ஓசை வேறு. தேர்ந்த காது அதைக் கருவிக்கு முன்பே கண்டுகொள்ளும். பிறகு கொதிகலனில் குளிர்நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாக அழுத்திப் பார்ப்பார்கள். நீர் சுருங்காது என்பதால் தகடு விட்டுக்கொடுத்தாலும் வெடிப்பு நேராது. கடைசியாகத்தான் நீராவிச் சோதனையும் பாதுகாப்பு வால்வு சரிசெய்தலும். பிரித்தானிய ஆர்வலர் பாதைகளில் இந்தச் சான்றின் ஆயுள் வழக்கமாகப் பத்தாண்டு. அது முடிந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், பிரித்துப் பார்க்காமல் மேற்கொண்டு ஓட்டமாட்டார்கள்.

அடுத்தது நீர். உப்புக்கள் நிறைந்த கடின நீர் கொதிக்கும்போது குழாய்களின் மேல் படிவு கட்டும். படிவு சூட்டைத் தடுக்கும், தகடு அளவுக்கு மேல் காயும். அதனால்தான் குறித்த இடைவெளியில் கொதிகலனைத் திறந்து கழுவுவது கட்டாயம். நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேல் நீர் எப்போதும் நிற்கவேண்டும். மட்டம் தாழ்ந்தால் கூரையில் பதித்த ஈய அடைப்பு உருகி, நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். அது உருகுமளவுக்கு விட்ட குழுவினருக்கு எந்த நாட்டிலும் மன்னிப்பில்லை.

குளிர்ந்த எஞ்சினை அவசரப்படுத்தக் கூடாது. முந்தைய நாளே சிறுநெருப்பு மூட்டி, இரவெல்லாம் மெல்லச் சூடாக்கவேண்டும். உள்தகடும் வெளித்தகடும் ஒன்றுபோல் விரியாவிட்டால் குழாய் முனைகள் கசியும். அச்சுத் தாங்கிகளில் வார்த்த வெள்ளை உலோகம், சக்கரத்தைச் சுற்றிச் சூடாக்கிப் பூட்டும் உருக்கு வளையம், எண்ணெய் ஊற்றும் நாற்பது ஐம்பது இடங்கள் என்று இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கைப்பழக்கம் உண்டு. பழைய ரிவெட் இணைப்பை வெல்டிங்காக மாற்றலாமா என்ற கேள்விக்கு நிதானமான பதில் இதுதான்: கொதிகலனுக்குள், சான்றளிக்கும் பொறியியலாளர் சொல்வதே சட்டம்; வெளித்தோற்றத்தில், ஒரு ரிவெட் தலையையும் காரணமின்றி மறைக்கக்கூடாது. எதை மாற்றினாலும் பதிவேட்டில் எழுதவேண்டும். இந்த இடத்தில் ஐரோப்பியர் நம்மைவிட முன்னே நிற்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பட்டறைகளில் அறிவு கையில் இருக்கிறது, தாளில் குறைவு. மூத்த ஃபிட்டர் ஒருவர் ஓய்வு பெறும்போது ஒரு நூலகமே வீட்டுக்குப் போகிறது.

இலங்கையின் கிழக்குக் கரைக்கு இந்தச் சுற்றுலா மரபு வருமா என்ற கேள்வியும் இந்தத் தரங்களோடு சேர்ந்ததே. அம்பாறை மாவட்டத்தில் ரயில் பாதை இல்லை. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் மக்களுக்கு அருகிலுள்ள நிலையம் மட்டக்களப்பு. மகோவிலிருந்து கல்ஓயா வழியாக வரும் அந்தப் பாதை 1928இல் நீராவிக்காகவே போடப்பட்டது. ஏற்றம் குறைவு என்பதால் எஞ்சினுக்குச் சிரமமில்லை. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும் பாலமும், வாழைச்சேனைப் பக்கத்து நீர்ப்பரப்பும் படமெடுப்போர் தேடிவரத் தக்கவை. அறுகம்பேக்கு அலைச்சறுக்கலுக்காக வரும் பிரயாணிகளில் ஒரு பகுதியினரையேனும் இத்தகைய நீராவி ரயில் மட்டக்களப்பில் ஒருநாள் நிறுத்தும். தடையாக நிற்பது நீரே. உலர் வலயத்துக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது, ஆகவே குளத்து நீரையோ மென்மையாக்கிய நீரையோ வழியில் வைத்திருக்கவேண்டும். எஞ்சினைத் திருப்பும் மேடை இல்லாத முனையில், எரிபொருளும் நீரும் சுமக்கும் டெண்டர் முன்னே வர, வேகம் குறைத்தே திரும்பவேண்டும். கொழும்பிலிருந்து முழுத்தூரம் இழுத்து வருவதைவிட, எஞ்சினை டீசலின் பின்னால் கொண்டுவந்து, மட்டக்களப்பு–ஏறாவூர்–வாழைச்சேனை என்ற குறுகிய தூரத்தில் மட்டும் நீராவியில் ஓட்டுவதே தெமட்டகொட ஷெட்டின் ஆள்பலத்துக்கும் கொதிகலனின் வயதுக்கும் ஏற்றது.