பண்ணுப் பெயர்த்தலும் கிற்றார் வாசிப்பும்

ஆய்ச்சியர் குரவையில் மாதரி செய்யும் காரியம் ஒன்று இசை பயில்வோர் ஊன்றி நோக்கற்பாலது. ஆயர்பாடியிலே தீக்குறிகள் கண்டு அஞ்சிய அவள், கன்னியர் எழுவரை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளின் பெயர்களை அவர்க்கு இடுகின்றாள். குரலுக்குரியவள் மாயவனாகவும், இளிக்குரியவள் பலதேவனாகவும், துத்தத்துக்குரியவள் பின்னையாகவும் கொள்ளப்படுகின்றனர். வட்டத்திற்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. எவளைக் குரலாகக் கொள்கின்றோமோ அவளிடமிருந்தே எண்ணிக்கை தொடங்கும். ஆட்கள் மாறுவதில்லை, அவர் கைகோத்து நிற்கும் நிலையும் மாறுவதில்லை, பண் மட்டும் மாறிவிடும். இதனையே பண்டையோர் பண்ணுப் பெயர்த்தல் என்றனர். கருநாடக இசையார் கிரகபேதம் என்பர்.

கிற்றார் பயிலும் இளைஞர் இன்று மேஜர், மைனர் என்று பேசும் உறவும் இதுவே. சீ, டீ, ஈ, எவ், ஜீ, ஏ, பீ என்னும் ஏழு சுரங்களைச் சீயிலிருந்து எண்ணினால் சீ மேஜர், நம் சங்கராபரணம். அவ்வேழினையே ஏயிலிருந்து எண்ணினால் ஏ மைனர், நம் நடபைரவி. அவ்வேழினுள் ஐந்தினை மட்டும் கொள்ளும்போது உறவு இன்னும் தெளிவாகும். சீ, டீ, ஈ, ஜீ, ஏ என்பன மோகனம். ஏயை ஆதாரமாக்கி அவற்றையே ஏ, சீ, டீ, ஈ, ஜீ என வாசிப்பின் சுத்த தன்யாசி. மேலைநாட்டுக் கிற்றார் வாசிப்போர் பெரிதும் நம்பியிருக்கும் ஐந்துசுர மைனர் இச்சுத்த தன்யாசியேயன்றி வேறன்று. வாத்தியத்தின் கழுத்திற் பதித்த உலோகக் கட்டுகளில் இதனைக் காண்பது எளிது. ஐந்தாந் தந்தியை வெறுமனே மீட்டினால் ஏ. மூன்றாம் கட்டில் அழுத்தினால் சீ. மேஜரின் ஆதாரத்தினின்று மூன்று கட்டு இறங்கினால் அதன் மைனரின் ஆதாரம் கிடைத்துவிடும்.

இவ்வுறவினைத் தமிழ் மரபில் ஆராய்ந்தோருள் விபுலாநந்த அடிகள் (1892-1947) தலையாயவர். அவர்தம் யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அதற்கு முப்பதாண்டுகட்கு முன்னரே, 1917இல், ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டிருந்தார். ஏழு பாலைகளுள் முதலதாகிய செம்பாலை எது என்பதிலே இருவரும் மாறுபடுவர். பண்டிதர் அதனைச் சங்கராபரணம் என்றார். அடிகள் அரிகாம்போதி என்றார். நரம்புகளின் மாத்திரைகள் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என்பது பழைய கணக்கு. ஒவ்வோர் எண்ணையும் அவ்வந் நரம்புக்கு முன்னுள்ள இடைவெளியாகக் கொள்ளின் அரிகாம்போதியே பொருந்துகின்றது. ஆதலின் அடிகள் கொள்கையே வலிமையுடைத்து எனத் தோன்றுகின்றது. அவ்வாறு கொள்ளும்போது உழை குரலாய அரும்பாலை சங்கராபரணமாகும். துத்தம் குரலாய படுமலைப்பாலை நடபைரவியாகும். மேலையோர் தம் இசைக்குப் பெரிதும் ஆதாரமாக்கிக்கொண்ட மேஜரும் மைனரும், மாதரி நிறுத்திய வட்டத்தில் எழுவருள் இருவர் என்பது இதனாற் போதரும்.

இனி, கிற்றார் கற்பிக்கும் கைந்நூல்களை நோக்குவோம். "மேஜர் பாட்டாயின் மூன்று கட்டுக் கீழே இறங்கி மைனர் வடிவத்தை வாசிக்க" என்பது அவற்றுட் பலவற்றின் உபதேசம். சமையற் குறிப்புப் போன்ற இவ்விதி பொய்யன்று. விரல்களுக்கு உடனே பயனும் தரும். ஆயினும் அது விரல்களுக்கு மட்டும் சொன்ன விதி. செவிக்குச் சொல்ல வேண்டியதை அது சொல்லாது விடுகின்றது. வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே, தென்மேற்குப் பருவமழை நாட்கணக்கில் விடாது பெய்யும் வைகாசி, ஆனி மாதங்களில், லயத்து வாசலில் அமர்ந்து கிற்றார் பழகும் இளைஞனொருவனை எண்ணிக்கொள்க. அவன் ஒரு மாதத்தில் வடிவத்தைக் கற்றுவிடுவான். ஆறு மாதத்தில் விரைந்து வாசிப்பான். அதன்பின் அவன் வாசிக்கும் பாட்டுக்கள் யாவும் ஒரே பாட்டாய்க் கேட்கும். குற்றம் அவன் கையினதன்று. எந்தச் சுரம் குரலாய் நிற்கின்றது என்று அவனுக்கு எவரும் காட்டவில்லை.

கச்சேரி மேடையில் இந்த இடர் இல்லை. தம்புரா இடைவிடாது ஆதாரத்தை ஒலித்துக்கொண்டிருப்பதால், வித்துவான் கிரகபேதம் செய்யினும் சற்றே காட்டி மீண்டுவிடுவார். நெடுநேரம் நின்றால் சுருதி அவரை இழுக்கும். கிற்றார்க் குழுவிலே தம்புரா இல்லை. அதன் தொழிலைச் செய்வது உடன் வாசிப்பவனின் கோர்ட் எனப்படும் சுரக்கூட்டு. சீ மேஜர்க் கூட்டு ஒலிக்கும்போது தனிவாசிப்பவன் ஏ என்னுஞ் சுரத்தில் ஓய்வானாயின் அது வாயிற்படியிலே நிற்பது போன்றது. ஏ மைனர்க் கூட்டு ஒலிக்கும்போது அதே சுரம், அதே கட்டு, அதே விரல், வீட்டினுள்ளே அமர்ந்துவிடும். எனவே தொடங்கும் சுரத்தைவிட ஓயும் சுரமே பண்ணை அறுதியிடும்.

கைந்நூல் விதி முற்றும் பிழைபடும் இடமும் ஒன்றுண்டு. ஏ மைனர்ப் பாட்டுக்களிற் பெரும்பாலானவை, முடிவுக்குத் திரும்பும் தறுவாயில் ஈ மேஜர்க் கூட்டினை வேண்டுவன. அக்கூட்டினுள் ஜீ இல்லை. அரைச்சுரம் உயர்ந்த ஜீ சார்ப் உண்டு. அந்நொடியிற் பண் நடபைரவியை விட்டுக் கீரவாணியாகிவிடுகின்றது. ஏழு சுரமும் பொது என்று நம்பி அங்கே ஜீயை நீட்டி வாசிப்பவன் இரண்டு சுரங்களை மோதவிடுகின்றான். பாட்டு எங்கே தன் ஏக்கத்தை வெளியிட வேண்டுமோ அங்கேயே வாசிப்புக் கைவிடுகின்றது. இதனை உரிய அழுத்தத்தோடு சொல்லாத கைந்நூலைக் குறையுடையதென்றே கொள்ள வேண்டும்.

கட்டுகளின் அமைப்பிலும் ஓர் இழப்பு உண்டு. கிற்றாரின் கட்டுகள் தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்குவன. அதனாலேயே எவ்விடத்திலும் பண்ணைப் பெயர்த்தல் எளிதாகின்றது. அதனாலேயே மேஜரின் காந்தாரம் இயற்கை நிலையினும் அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு மிகுந்தும் ஒலிக்கின்றது. பண்டை யாழில் நரம்புக்கு ஒரு சுரம், கட்டு இல்லை. அங்கே நரம்புகளைச் செவியறிந்து திருத்த வேண்டியிருந்தது. கிற்றார் வாசிப்பவன் விரலால் தந்தியை வளைத்து ஏற்றும்போது, கட்டு மறுத்த நுண்சுரங்களிற் சிலவற்றை மீட்டுக்கொள்கின்றான்.

மலைநாட்டின் பழைய இசை தப்பும் குரலுமாக வாழ்ந்தது. காமன் கூத்துக்கும் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் எவரும் சுரக்கூட்டுச் சேர்த்தாரல்லர். இன்று கிற்றார் ஏந்தும் இளைஞன் அவற்றிற்குக் கூட்டுச் சேர்க்க முற்படும்போது, அறியாமலே மாதரியின் வேலையை ஏற்றுக்கொள்கின்றான். ஏ, சீ, டீ, ஈ, ஜீ என்னும் ஐந்தினுள் அடங்கும் தாலாட்டு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பாட்டி ஒவ்வோர் அடியையும் ஏயிலே முடிக்கின்றாள். பேரன் சீ மேஜர்க் கூட்டைப் பிடித்தால் ஒரு சுரமும் பிழையாகாது. கேட்போர் தலையும் அசைப்பர். ஆனால் தாலாட்டு மோகனமாகிக் களிப்புப் பாட்டாகிவிடும்; அவள் குரல் ஒவ்வோர் அடி முடிவிலும் இருக்க இடமின்றி நிற்கும். அவன் கூட்டினை மாற்றுமுன் அவள் எங்கே மூச்சு விடுகின்றாள் என்று இருமுறை கேட்டானாயின், மூன்று கட்டு இறங்கவேண்டும் என்பதை அவனுக்கு எந்தக் கைந்நூலும் சொல்ல வேண்டியதில்லை.