கூலிக்காரர் கொடை: மாரிகுப்பம் பௌத்தர்களின் வரவும் செலவும்

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களோடு நின்றுவிடுவார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி காலெடுத்து வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டதுவரை எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். தங்கம் லண்டனுக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். அதைத் தோண்டியவர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கை எங்கே அனுப்பினார்கள் என்பது நம் இலக்கிய வரலாறுகளில் அரைப் பக்கம்கூடப் பெறவில்லை. அந்தப் பங்கு தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து சென்னை இராயப்பேட்டைக்குப் போனது. அங்கே க. அயோத்திதாசப் பண்டிதரின் வார இதழாக அச்சேறியது.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தலைமையேற்கும் சமூக இயக்கங்களுக்கு அந்தச் சமூகமே பணம் திரட்டித் தருவது பற்றி இப்போது நிறையப் பேச்சு. பெரிய அறக்கட்டளைகள்கூட, பணத்தைப் பகிரும் அதிகாரத்தை அந்த மக்களிடமே விட வேண்டும் என்று கருத்தரங்கு நடத்துகின்றன. தமிழ்நாட்டில் இதைப் படிக்கும் நமக்கு உடனே மாரிகுப்பத்தின் நினைவு வர வேண்டும். வந்தாலும், அதைப் பெருமைப் பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். ஏழைத் தொழிலாளி கொடுத்தான் என்று கண் கலங்கினால் போதாது. அந்தக் காசு எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை, ஏன் என்று கேட்டால்தான் கொடுத்தவர்களுக்கு மரியாதை.

பௌரிங்பேட்டையிலிருந்து, இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, 1894இல் போட்ட ரயில் பாதையின் கடைசி நிலையம் மாரிகுப்பம். வடாற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் பறையர் சமூகத்தினர். பண்ணையாரின் பிடியிலிருந்து தப்பி மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதல்முறையாகக் கையில் வாங்கியவர்கள். 1898இல் அயோத்திதாசர் பிரம்மஞான சங்கத் தலைவர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியது. நான்கு பக்கம், விலை ஒரு பைசா. அடுத்த ஆண்டே பெயர் ‘தமிழன்’ ஆயிற்று. சங்கத்தின் கிளைகளில் மிக உயிர்ப்போடு இருந்தது மாரிகுப்பம் கிளை. எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் அதன் தூண்கள். சந்தா, நன்கொடை, கட்டுரை, கேள்வி, கடிதம் என்று இதழுக்கு வேண்டியவை எல்லாம் அங்கிருந்து வந்தன. பண்டிதர் அங்கே போய்ப் பேசினார்.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும். பண்டிதர் சித்த வைத்தியர். அறிவும் உழைப்பும் அவருடையவை. தொழிலாளர்கள் வெறும் வாசகர்கள்தானே? பாதி உண்மை. எழுத்து அவருடையதுதான். ஆனால் ஒரு பைசா இதழ் வாரந்தோறும் ஏழு ஆண்டுகள், 1914 மே 5இல் அவர் இறக்கும்வரை, நிலைத்து வந்தது வைத்தியக் கட்டணத்தால் மட்டும் அல்ல. எதைப் பற்றி எழுதலாம் என்பதையும் அந்த ஆதரவே தீர்மானித்தது. இதை விளங்கிக்கொள்ள ஆல்காட்டின் பணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆல்காட் 1894 முதல் பஞ்சமர் இலவசப் பள்ளிகளைத் திறந்தார். நல்ல மனிதர், நல்ல பள்ளிகள். ஆனால் நிர்வாகம் பிரம்மஞான சங்கத்தின் கையில். 1907 பிப்ரவரியில் ஆல்காட் காலமானார். தலைமை அன்னிபெசன்டிடம் போயிற்று. 1909இல் அந்த அம்மையார் ஒடுக்கப்பட்ட குழந்தைகளை மேல்சாதிக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாது, முதலில் சுத்தம் பழக வேண்டும் என்ற பொருள்படக் கட்டுரை எழுதினார். அந்தப் பணத்தில் இதழ் நடத்தியிருந்தால் இதற்கு யார் பதில் எழுதியிருப்பார்கள்? ‘தமிழன்’ அன்னிபெசன்டையும் விமர்சித்தது, காங்கிரஸையும் விமர்சித்தது, சுதேசியம் பேசியவர்களின் சாதியையும் விமர்சித்தது. யாரிடமும் கையேந்தாததால் வந்த வாய் அது. மாரிகுப்பம் கொடையின் முதல் சாதனை இதுதான். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதே காலத்தில் நடந்தது இன்னும் நுட்பமான பாடம். 1912 முதல் இருபது ஆண்டுகளில் செல்வந்தர் ஜூலியஸ் ரோசன்வால்டின் நிதியுதவியோடு கறுப்பினக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. வரலாறு அவற்றை ரோசன்வால்டு பள்ளிகள் என்றே அழைக்கிறது. கணக்கோ வேறு: அவர் தரப்பு தந்தது சுமார் 43 லட்சம் டாலர், பருத்திக்காட்டுக் கூலிகளான கறுப்பின மக்கள் தந்தது சுமார் 47 லட்சம். அதிகம் கொடுத்தவர் பெயர் பலகையில் இல்லை. பள்ளியோ வெள்ளையர் ஆண்ட கல்வி வாரியத்தின் கையில். மாரிகுப்பத்துக்காரர்கள் அந்த வகையில் கெட்டிக்காரர்கள். கொடுத்த காசும் தங்களுடையது, அது பேசிய பேச்சும் தங்களுடையது.

இனிதான் கசப்பான பகுதி. கூலி எங்கிருந்து வந்ததோ அந்தக் கம்பெனியைப் பற்றி இந்த இயக்கம் என்ன சொன்னது? மிகக் குறைவு. தரைக்குக் கீழே பாறை வெடித்துச் சிதறி ஆட்கள் செத்தார்கள். கல்தூசி நுரையீரலைத் தின்றது. சிலிகோசிஸ் நோய்க்கு இழப்பீட்டு விதி மைசூர் அரசில் 1940இல்தான் வந்தது. மதுவை விடு, புலாலைக் குறை, பிள்ளையைப் படிக்க வை, புத்த தருமம் அறி என்று சங்கம் சொன்னது. எல்லாம் தேவையானவையே. ஆனால் சுரங்க முதலாளிக்கு இதில் ஒரு வார்த்தைகூட உறுத்தாது; குடிக்காத தொழிலாளி திங்கட்கிழமை ஒழுங்காக வேலைக்கு வருவான்.

அச்சத்தால் அப்படி என்று சமாதானம் சொல்ல இடம் உண்டு. தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். இதே அச்சத்தை அமெரிக்காவிலும் பார்க்கலாம்: 1955-56இல் மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பின்போது ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி, வீடுவீடாகப் பணிசெய்யும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சாப்பாடும் கேக்கும் விற்று இயக்கத்துக்குப் பணம் சேர்த்தார். குழுவுக்கு அவர் வைத்த பெயரின் பொருள், எங்கிருந்தும் வராதவர்கள். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று சொல்லிவிடலாம். எஜமானியம்மாள் வேலையைப் பறிக்க முடியாது. கொடை முதலாளியைச் சுடும் இடத்தில் அது ஒளிந்து நடக்கிறது. மாரிகுப்பத்தில் ஒளிய வேண்டிய தேவையே ஏற்படவில்லை. கம்பெனி அதைச் சகித்துக்கொண்டதற்குக் காரணம், அது கம்பெனியைத் தொடவில்லை.

ஆனால் அச்சம் என்ற விளக்கம் முழுதாகப் பொருந்தாது. பண்டிதர் பிரிட்டிஷ் ஆட்சியை ஆதரித்தது பயத்தால் அல்ல, கருத்தால். சாதி இந்துக்களின் சுயராஜ்யத்தைவிட வெள்ளையர் ஆட்சி தம் மக்களுக்கு மேல் என்று அவர் வாதிட்டார். அவர் கண்ட சேரியையும் அக்கிரகாரத்தையும் வைத்துப் பார்த்தால் அந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. சாதியை எதிர்க்கப் பேரரசைப் பிடித்துக்கொண்டவருக்கு, பேரரசின் கம்பெனி கண்ணில் படவில்லை. 1930இல் கைரேகைப் பதிவுக்கு எதிராகத் தங்கவயல் முழுவதும் வேலையை நிறுத்தியபோது அங்கே முறையான தொழிற்சங்கமே கிடையாது. தங்கள் உடம்புக்காக நிற்கத் தொழிலாளர்கள் தயாராகவே இருந்தார்கள். சமயத்துக்கும் கல்விக்கும் கொடுத்துப் பழகிய கைகள், வேலைநிறுத்த நாட்களில் அடுப்பெரிய ஒரு நிதியைச் சேர்த்து வைத்திருக்கவில்லை. இதை நான் இயக்கத்தின் குறையாகவே எண்ணுகிறேன்.

இன்னொரு குறை, நிலையான நிறுவனம் கட்டாதது; ஆனால் அதன் பழி முழுவதும் அவர்கள் தலையில் விழாது. தெற்கே நாடார் சமூகத்தின் மகமையைப் பாருங்கள். வண்டியில் ஏற்றும் சரக்கில் ஒரு சிறு பங்கு பொதுநிதிக்கு. அதிலிருந்து விருதுநகரில் 1889இலேயே சத்திரிய வித்தியாசாலை. 1910இல் மகாஜன சங்கம், 1921இல் வங்கி. கோயிலுக்குள் விடப்படாத ஒரு சமூகம், தன் காசைக் கட்டடமாகவும் நிலமாகவும் வட்டியாகவும் மாற்றியது. ஒருவர் இறந்தால் அது சாயவில்லை. மாரிகுப்பத்தின் கொடையோ மனிதர்களை நம்பியது. பண்டிதர் இறந்ததும் இதழ் தள்ளாடி நின்றது.

ஏன் இந்த வேறுபாடு? நாடார்களிடம் மனவுறுதி அதிகம் என்று சொல்கிறவர்கள் சோம்பேறித்தனமாகச் சிந்திக்கிறார்கள். மகமைக்குச் சரக்கு வேண்டும். சரக்குக்குச் சொந்தக் கடை வேண்டும். சுரங்கக் கூலிக்கு இருந்தது சம்பளம் மட்டும். மண் கம்பெனியின் குத்தகை, கூரை கம்பெனியின் தயவு. கடைவீதி இருந்த ராபர்ட்சன்பேட்டையில் வியாபாரம் வேறு சாதியார் கையில். சொந்தமாக ஒரு மனை வாங்கி அறக்கட்டளை எழுத முடியாத மக்களிடம், ஏன் நிலைநிறுத்தவில்லை என்று கேட்பது பாதி நியாயம்தான். மீதிப் பாதி இருக்கிறது: கொடையை யார் வரவு வைப்பது, யார் கணக்குக் காட்டுவது, அடுத்தது யார் என்ற ஒழுங்குக்கு நிலம் தேவையில்லை. அந்த ஒழுங்கு வலுப்பெறவில்லை. 

இருந்தும், கட்டடம் கட்டாத இந்தக் காசு ஒரு காரியத்தை எல்லோரையும்விட நன்றாகச் செய்தது. 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே ‘தமிழ’னை மறுபடி கொண்டுவந்தார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டது. பல்கலைக்கழகங்களும் திராவிட இயக்க வரலாற்றாசிரியர்களும் பண்டிதரை அறவே மறந்திருந்த பல பத்தாண்டுகள் அவை. சென்னையில் அன்பு பொன்னோவியம், திருப்பத்தூர்ப் பக்கத்தில் தி.பெ. கமலநாதன், தங்கவயலில் பௌத்தக் குடும்பங்கள் என்று சிலர் அந்தப் பழுத்த தாள்களைக் கரையான் தின்னாமல் காத்தார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது அந்தத் தாள்களால். இன்று அவர் பெயரில் நடக்கும் ஆய்வு, விழா, மணிமண்டபம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது அந்தக் கூலிப் பணம்.

ஆகவே என் தீர்ப்பு இது. குரலைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற அளவுகோலில் மாரிகுப்பத்தின் கொடை முழு வெற்றி. உடம்பைக் காக்கும் அரசியலில் அது தோல்வி. தோல்விக்குப் பண்டிதரின் பேரரசு நம்பிக்கையும் ஒரு காரணம். நிறுவனம் கட்டும் வேலையில் தோல்வியின் பெரும்பங்கு கம்பெனியைச் சேரும், சிறுபங்கு சங்கத்தைச் சேரும். கறுப்பின இயக்கங்களுக்கான சமூக நிதி பற்றிப் பேசும் இன்றைய அறக்கட்டளைக்காரர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. குரல் பெற மக்களுக்கு உங்கள் உதவி தேவைப்படவில்லை. நிலமும் மூலதனமும்தான் தேவைப்பட்டன.

நமக்கு உள்ள கடன் இன்னும் எளிமையானது. சுரங்கம் மூடியபின் தங்கவயல் பிள்ளைகள் அதே மாரிகுப்பம் நிலையத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அயோத்திதாசரைப் பதிப்பித்து விற்கும் பதிப்பகங்களும், அவரைப் பாடமாக வைத்துப் பட்டம் தரும் பல்கலைக்கழகங்களும் அந்த ஊரில் ஒரு நூலகத்துக்கு நிதி ஒதுக்கட்டும். எஞ்சிய ‘தமிழன்’ இதழ்களையும் சித்தார்த்தா புத்தகசாலை வெளியீடுகளையும் படியெடுத்து, முதல் படியை அங்கே வைக்கட்டும்.