குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது

வைகை அணையைச் சுற்றியுள்ள ஊர்களில் டி.ஜே. என்ற சொல் வருவதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவரை ரேடியோ செட்டுக்காரர் என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் திரிந்த ஒரு வருடம் அப்படி ஒருவரிடம் நான் கையாளாக இருந்தேன். வேப்பமரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது, ஒயர் இழுப்பது, சிக்கிய கேசட்டைப் பென்சில் விட்டுச் சுற்றுவது, இதெல்லாம் என் வேலை. பாட்டு எடுத்துப் போடுவது அண்ணன் மட்டும்தான். ஒருநாள் திருவிழாவில் அவர் சாப்பிடப் போகும்போது என்னை உட்காரவைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "ஆடுறவனைப் பாக்காத தம்பி. அவன் எதப் போட்டாலும் ஆடுவான். உக்காந்திருக்கவங்களப் பாரு."

அதை விமர்சனம் பற்றிய வாக்கியமாக அன்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பல வருடம் கழித்து, ஸ்விங் நடனத்துக்குப் பாட்டுப் போடுகிறவர்கள் எதையெல்லாம் யோசிக்கிறார்கள் என்று படித்தபோதுதான் அண்ணன் திரும்பவும் ஞாபகத்துக்கு வந்தார். பாட்டைத் தேர்ந்தெடுப்பது பாட்டை விமர்சிப்பதுதான். எழுத்தில் விமர்சிக்கிறவன் தப்பாகச் சொன்னால் இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள். இவன் தப்பாக எடுத்தால் மூன்று நிமிடத்தில் மைதானம் காலியாகிவிடும்.

ஸ்விங் பிறந்து வளர்ந்த இடங்களில் முக்கியமானது நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த சவாய் பால்ரூம். 1926-இல் திறந்தது, 1958-இல் மூடியது. அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடுவது அரிதாக இருந்த காலத்தில் அங்கே சேர்ந்து ஆடினார்கள். அரங்கில் இரண்டு மேடைகள். ஒரு குழு முடிக்கும்போது இன்னொரு குழு பிடித்துக்கொள்ளும். 1937 மே மாதத்தில் அந்தக் கூடத்தின் சொந்தக் குழுவான சிக் வெப்பின் குழுவுக்கும், நாடு முழுக்கப் புகழ்பெற்றிருந்த பென்னி குட்மனின் குழுவுக்கும் போட்டி நடந்தது. வென்றது சிக் வெப் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். பேர் பெற்றவரை விட, அந்தத் தரையில் ஆடுகிற கால்களைத் தினமும் பார்த்தவர் ஜெயித்தார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இன்று அந்த நடனத்துக்குப் பெரும்பாலும் குழுக்கள் இல்லை, பழைய பதிவுகள்தான். பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும் என்பதால் அந்தப் பாட்டுகளின் நீளமும் அவ்வளவுதான். அது ஆடுகிறவருக்கு வசதியாகப் போனது. ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, பிறகு ஜோடி மாற்றிக்கொள்ளலாம். புதிதாக வந்தவர் திணறினாலும் மூன்று நிமிடத்தில் விடுதலை. வேகம்தான் பாட்டுப் போடுகிறவரின் முதல் கவலை. நிமிடத்துக்கு 120 தட்டில் எல்லோரும் ஆடலாம். 200-ஐத் தாண்டினால் தேர்ந்தவர்கள் மட்டுமே தரையில் மிஞ்சுவார்கள், மற்றவர்கள் கைதட்டும் கூட்டமாகிவிடுவார்கள். அதனால் அலை மாதிரி ஏற்றி இறக்க வேண்டும்.

இதை எங்கள் ஊர்க்காரனுக்கு விளக்க வைகை அணையே போதும். 71 அடி கொள்ளும் அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது. கரையோரத்தில் இருப்பவன் ஆடுமாடு ஓட்டிக்கொண்டு மேடேற அவகாசம் வேண்டுமில்லையா? எடுத்த எடுப்பில் மதகைத் திறக்கிற டி.ஜே.க்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஏழரை மணிக்கே உச்சத்தில் இருக்கிற குத்துப்பாட்டைப் போட்டுவிட்டு எட்டு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல், சத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள்.

ஸ்விங்கும் நம்ம குத்தும் தூரத்துச் சொந்தம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. வரலாற்றில் தொடர்பு இருக்கிறது என்று சொல்லவில்லை, உடம்புக்குள் நடப்பதைச் சொல்கிறேன். ஸ்விங்கில் ஒரு தட்டை இரண்டாகச் சமமாகப் பிரிப்பதில்லை. முதல் பாதி நீளம், அடுத்தது குட்டை, ஏறக்குறைய மூன்றில் இரண்டும் ஒன்றும். நடுவில் விழ வேண்டிய ஒன்று விழாமல் இருப்பதால் உடம்பு அந்த இடத்தில் சாய்கிறது. நம் தெம்மாங்கிலும் குத்திலும் பெரும்பாலும் திஸ்ர நடை, தட்டுக்கு மூன்று. இங்கே எதையும் விட்டுவைக்காமல் பறையோ தவிலோ பம்பையோ நிரப்பிவிடும். அவர்கள் இடைவெளியில் ஆடுகிறார்கள், நாம் நெருக்கத்தில் ஆடுகிறோம். அதே மூன்றுதான். கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம் வாசிக்கிறவர்கள் ஆடுபவரின் காலைப் பார்த்து நடையை முடுக்கும்போது, சிக் வெப் செய்ததும் இதைத்தானே என்று நினைக்கத் தோன்றும்.

ரேடியோ செட்டுக்கும் ஒழுங்கு உண்டு. காலையில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார். பிறகு முருகனுக்கு டி.எம்.சௌந்தரராஜன். அம்மன் திருவிழா என்றால் எல்.ஆர்.ஈஸ்வரி. நாகூர் ஹனிபா பாட்டும் நடுவில் வரும், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கல்யாண வீடு என்றால் 'பாசமலர்' (1961) படத்தில் அதே ஈஸ்வரி பாடிய தோழியர் பாட்டு இல்லாமல் பொண்ணு மேடைக்கு வராது. வெயில் ஏறினால் பழைய பாட்டு, சாயங்காலம் இளையராஜா. யாரும் எழுதிவைக்காத இந்த வரிசையைப் பல ஊர்க்காரர்கள், பல வருடமாகக் கூட்டிக் கழித்து உண்டாக்கினார்கள். நல்ல தொகைநூல் எப்படி உருவாகுமோ அப்படி.

இளையராஜாவைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். பண்ணைப்புரம் எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தவர்கள் அந்தச் சகோதரர்கள். 1976-இல் 'அன்னக்கிளி' வந்த பிறகு குழாயில் அவர் இல்லாத திருவிழா கிடையாது. ஆனால் ஆடுவதற்குப் பாட்டு எடுக்கிறவன் கண்ணால் பார்த்தால் அவர் பாட்டுகளில் பாதி சிக்கலானவை. பல்லவி முடிந்ததும் தாளம் நின்று வயலின்கள் மட்டும் எழும்பும். அல்லது நடை மாறும். சினிமாப் பாட்டு கேமராவுக்காகப் போட்டது. அங்கே காட்சி மாற வேண்டும், வயலில் இருந்து ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். மைதானத்தில் ஆடுகிறவன் எங்கே போவான்? கையைத் தூக்கிய மேனிக்கு அப்படியே நிற்பான். கேட்க மகத்தான இடையிசை ஆடுகிறவனுக்குப் பள்ளம். கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்காரன்' (1989) பாட்டுகளை எந்தத் திருவிழாவும் கைவிடாததற்குக் காரணம் அது கிராமத்துப் படம் என்பது மட்டுமில்லை, கதையிலேயே ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் தாளம் அவர்களை நடுவில் விட்டுவிட்டுப் போவதில்லை.

அந்தப் பள்ளத்தை இன்றைய டி.ஜே. வெட்டி எறிந்துவிடுகிறான். பல்லவி, அடி, மறுபடி பல்லவி. சரணம் வருவதற்குள் அடுத்த பாட்டு. ஆடுகிற இருபது பையன்களுக்கு இது சரியான தீர்ப்பு, அவனை நான் குறை சொல்ல மாட்டேன். பேஸ் நெஞ்சில் இடிக்கிறது, கலாச்சாரம் கெட்டுப்போச்சு என்கிற புலம்பலும் என்னிடம் இல்லை. எனக்கும் அந்த இடி பிடிக்கும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. சரணத்தை வெட்டும்போது நாற்காலியில் உட்கார்ந்து உதட்டுக்குள் பாடிக்கொண்டிருந்த அத்தையையும் சேர்த்து வெட்டிவிடுகிறான். அவள் ஆடவில்லைதான். ஆனால் கூட்டத்தில் இருந்தாள். அடுத்த பாட்டில் எழுந்து பேத்தியோடு இரண்டு சுற்று வந்தாலும் வந்திருப்பாள். இப்போது சாப்பிடப் போய்விட்டாள். உக்காந்திருக்கவங்களப் பாரு என்று அண்ணன் சொன்னது இதைத்தான்.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் அண்ணனுக்குச் சிலை வைத்தது மாதிரி ஆகியிருக்கும். ஆனால் சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது.

இன்றைக்குத் திருவிழாவில் என்ன போடக்கூடாது என்பதற்கு விதிகள் உண்டு. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை என்கிறது 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதி. ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்டுப் போகிறவர்களுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிபந்தனைகள் விதிக்கிறது: ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, கட்சியையோ சாதியையோ மதத்தையோ தூக்கிப் பிடிக்கிற பாட்டு கூடாது. தென் மாவட்டப் பாட்டுத் தேர்வைப் பற்றி எழுதப்பட்ட மிகக் கறாரான விமர்சனம் இந்த நிபந்தனைகள்தான் என்று நான் பாதி விளையாட்டாகச் சொல்வதுண்டு. ஒரு பாட்டால் அரிவாள் எடுக்கிற மண்ணில் பாட்டைத் தேர்ந்தெடுப்பது ரசனை மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமில்லை என்பதை இலக்கியவாதிகளுக்கு முன்பே நீதிபதிகளும் இன்ஸ்பெக்டர்களும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அண்ணனுக்கும் தெரியும். ஒரு பொங்கல் ராத்திரி நாலைந்து பேர் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள். எங்கள் சாதிதான் ஆண்டது என்கிற வகைப் பாட்டு. "இதப் போடுண்ணே." மறுக்கவும் முடியாது, போடவும் முடியாது. அண்ணன் சரியென்று வாங்கினார். குனிந்து ஏதோ செய்தார். ஆம்ப்ளிபயர் விளக்கு அணைந்தது. "பியூஸ் போயிருச்சுப்பா. ஆள் அனுப்பிருக்கேன்." முக்கால் மணி நேரம் ஊர் அமைதியாகக் கிடந்தது. பியூஸ் அவர் சட்டைப்பையில் இருந்தது எனக்கு மட்டும் தெரியும். கேட்டவர்கள் கலைந்த பிறகு, எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டோடு செட்டு உயிர் பெற்றது. நான் பார்த்த மிகச் சிறந்த பாட்டுத் தேர்வு அந்த முக்கால் மணி நேர மௌனம்தான்.

அதே அண்ணன்தான் குழாய் கட்டும்போது எனக்குத் திசை சொன்னவர். ஒன்று கோயிலைப் பார்த்து, ஒன்று மேலத்தெருவைப் பார்த்து, ஒன்று பஸ் வருகிற ரோட்டைப் பார்த்து. காலனி இருந்தது கிழக்கே, ஓடைக்கு அங்கிட்டு. அங்கே பார்த்து ஒரு குழாய்கூட நான் கட்டியதில்லை. ஒருமுறை, வெளிப்பேச்சாகத்தான், "கெழக்க ஒண்ணு திருப்பவாண்ணே?" என்று மரத்தின் மேலிருந்து கேட்டேன். "வரி குடுக்கிறவங்க கேப்பாங்கடா" என்றார். காலனியில் திருவிழாவுக்கு வரி வாங்குவதில்லை. வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டும். நான் இறங்கி அடுத்த மரத்துக்குப் போனேன். உக்காந்திருக்கவங்களப் பார்க்கச் சொன்னவரின் கண் நாற்காலி போட்ட இடத்தோடு நின்றது. என் கண்ணும்தான். காற்று கிழக்கே அடித்தால் அங்கே ஆடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், மரத்தின் உச்சியிலிருந்து நான் பார்த்திருக்கிறேன்.

சவாயை இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணமும் இதுதான். அந்தக் கூடத்தின் பெருமையை அதன் பாட்டுகளை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அந்தப் பாட்டுகள் எந்தத் தரையில் விழுந்தன, அங்கே யார் யார் நிற்க முடிந்தது என்பதும் அதில் சேரும். தேர்வு என்றால் எந்தப் பாட்டு என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறோம். யாருக்கு என்ற கேள்வி அதற்கு முன்பே, குழாய் கட்டும்போதே, தீர்மானமாகிவிடுகிறது. புத்தகங்களைப் பட்டியல் போடுகிற, விருதுக்குத் தேர்ந்தெடுக்கிற, இந்த வருடத்தின் சிறந்த பத்து என்று எழுதுகிற நமக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

சமீபத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். டி.ஜே. பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பென் டிரைவில் நாலாயிரம் பாட்டு வைத்திருப்பதாகச் சொன்னான். "ஒரு ராத்திரிக்கு எத்தனை போடுவீங்க தம்பி?"

"நாப்பது அம்பது வரும் மாமா."

மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தைச் சொச்சத்தை ஒதுக்குகிறவன் சாதாரண விமர்சகன் இல்லை. எப்படி எடுப்பீங்க என்று கேட்டேன். முன்னால் ஆடுகிறவர்களைக் கைகாட்டி, "அவங்க மூடு பாத்துத்தான்" என்றான். பின்னால் சமையல்கட்டுப் பக்கம், பாத்திரம் கழுவ வந்த பெண்கள் நாலைந்து பேர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் கால் கட்டைவிரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவனிடம் காட்டினேன். திரும்பிப் பார்த்தான். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அந்தப் பக்கம் பாக்ஸே வைக்கலையே மாமா" என்றான். உண்மைதான். ஆனால் ஒயர் இருந்தது. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.