பாடமும் மறுமொழியும்: பாலர் நாடக சபைகளில் இளையோரின் ஆக்கத்திறன்

நாடகப் பயிற்சி இளையோரின் அறிவையும் மனத்தையும் வளர்க்கும் என்பது இன்று பலரும் ஒப்பும் கருத்து. ஆயினும், அப்பயிற்சியின் எந்தக் கூறு அவர்களைப் பிறர் ஆக்கியதை நடிப்போர் என்னும் நிலையினின்று, தாமே ஆக்குவோர் என்னும் நிலைக்கு உயர்த்துகின்றது என்னும் வினாவிற்கு விடை எளிதிற் கிடைப்பதன்று. தமிழ்நாட்டில் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற சான்று ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஊர்தோறும் சென்று நடித்த பாலர் நாடக சபையே அது. மக்கள் அதனைப் பாய்ஸ் கம்பெனி என்றே வழங்கினர்.

அச்சபைகளைப் பற்றி இருவேறு மதிப்பீடுகள் நிலவுகின்றன. ஒரு சாரார் அவற்றைக் குருகுலங்கள் எனப் போற்றுவர். தமிழ் மேடையிலும் திரையிலும் புகழ் பெற்ற நடிகர் பலர் அங்கிருந்தே வந்தனர் என்று காட்டுவர். மற்றொரு சாரார், அங்கு நிகழ்ந்தது நெட்டுருப் பயிற்சியே என்றும், சிறுவர் கிளிப்பிள்ளைகளாக்கப்பட்டனர் என்றும் பழிப்பர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மை அல்ல. பாடத்தை முற்றக் கற்ற சிறுவன், அப்பாடத்தில் எழுதப்படாத ஒரு மறுமொழியைத் தானே கூற நேர்ந்த இடத்திலேயே ஆக்கத்திறன் பிறந்தது என்பது இக்கட்டுரையில் நாம் நிறுவ விழையும் கருத்து.

மாதவியின் இரு நிலைகள்

இக்கருத்தினை விளக்குதற்குச் சிலப்பதிகாரம் நமக்குத் துணை செய்கின்றது. அரங்கேற்று காதை கலைப்பயிற்சியின் இலக்கணத்தை விரித்துரைக்கும் பகுதியாகும். ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்றமிழ்ப் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகிய அறுவரின் தகுதிகளையும் இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக வகுத்துரைக்கின்றார். அரங்கின் அளவும், எழினி மூன்றின் அமைப்பும் தவறாது சொல்லப்படுகின்றன. ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் மாதவி அரங்கேறுகின்றாள். நூல் விதித்த நெறி பிறழாது ஆடித் தலைக்கோலும் ஆயிரத்தெண் கழஞ்சுப் பொன்னும் பெறுகின்றாள். இங்கு நாம் காண்பது பாடத்தின் நிறைவு. அவள் ஆடியதில் அவளுக்கே உரியது யாது என்னும் வினாவிற்கு அக்காதையில் இடமே இல்லை.

கானல்வரியிலோ நிலைமை வேறு. கோவலன் யாழ் வாங்கிக் காவிரியைப் பாடுகின்றான். சோழன் கங்கையைப் புணர்ந்தாலும் புலவாத கற்பினள் என்று ஆற்றினைப் புகழ்கின்றான். அவன் நெஞ்சில் வேறு குறிப்பு உண்டு என்று கருதிய மாதவி, அதே யாழினை வாங்கி, அதே காவிரியை, அதே பாடல் வடிவில் பாடுகின்றாள். ஆனால், அவள் பாட்டில் பொருள் மாறிவிடுகின்றது. காவிரியின் நடைக்குக் காரணம் கணவனின் செங்கோல் வளையாமையே என்று கூறிவிடுகின்றாள். வடிவம் கற்றது, மறுமொழி அவளுடையது. அரங்கேற்றத்தில் நெறி பிறழாத மாணவியாக நின்றவள், கடற்கரையில் ஆக்குவோளாக மாறுகின்றாள். ஏழாண்டுப் பாடம் இல்லையேல் அம்மறுமொழி வடிவு பெற்றிராது. கோவலன் பாட்டு இல்லையேல் அது பிறந்தே இராது. இவ்விரு நிலைகளையும் அளவுகோலாகக் கொண்டு பாலர் சபைகளை நோக்குவாம்.

சபைகள் தோன்றிய காரணம்

பாலர் சபைகளின் வரலாற்றில் தலைமை சான்றவர் தவத்திரு சங்கரதாச சுவாமிகள் (1867–1922). 1918இல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவினார். ஆறு வயதுச் சிறுவராக அதிற் சேர்ந்த தி. க. சண்முகம், பின்னாளில் எழுதி 1972இல் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’ இத்துறையில் நமக்குக் கிடைத்துள்ள சான்றுகளுள் முதன்மையானது.

சுவாமிகள் சிறுவரை நாடியதற்குக் காரணம் ஒன்று உண்டு. வளர்ந்த நடிகர்கள் ஆசிரியன் எழுதியதை விட்டு, மேடையில் தாம் விரும்பியவாறு பாடியும் வாதிட்டும் வந்தனர், கட்டுப்பாடு குன்றியது. கட்டுக்கு அடங்கும் சிறுவரைக் கொண்டு, எழுதிய நாடகத்தை எழுதியபடியே நடத்துவிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். எனவே, பாலர் சபை தோன்றியதே மேடையில் கட்டின்றி எழுந்த மறுமொழியை அடக்குதற்குத்தான் எனலாம். சபைகளைக் குருகுலங்கள் எனப் போற்றுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். சுவாமிகளின் நோக்கம் சிறுவரின் ஆக்கத்திறனை வளர்ப்பதன்று. நாடக நூலைக் காப்பதே ஆகும். அந்நோக்கமும் சிறந்ததே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

அவ்வாறாயின், கட்டுப்பாட்டிற்கெனத் தோன்றிய சபைகளிலிருந்து ஆக்குவோர் எவ்வாறு வந்தனர்? அச்சபைகளின் வாழ்க்கையில், எவரும் திட்டமிடாமலே, மறுமொழிக்கு உரிய இடங்கள் சில அமைந்துவிட்டன என்பதே இதற்கு விடை. அவற்றுள் நான்கினை ஈண்டு எடுத்துக்காட்டுவாம்.

மறுமொழி பிறந்த இடங்கள்

முதலாவது, ஆசிரியன் ஆக்குவதை அருகிருந்து காணும் வாய்ப்பு. சிறுவர் நடித்தற்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஓர் இரவிலேயே எழுதி முடித்தார் என்று சண்முகம் குறிப்பிடுகின்றார். இச்செய்தியைச் சுவாமிகளின் புலமைக்குச் சான்றாகவே பலரும் எடுத்தாள்வர். கல்வி நோக்கில் இதற்கு மற்றொரு பொருளும் உண்டு. நேற்று இல்லாத நாடகம் இன்று இருக்கின்றது என்பதை அச்சிறுவர் கண்ணாரக் கண்டனர். நாடகம் என்பது எங்கிருந்தோ வந்து சேரும் பழம்பொருள் அன்று. தம்முடன் உண்டு உறங்கும் ஒருவர் எழுதுவது என்னும் அறிவு அவர்க்குக் கிட்டியது. அச்சிட்ட நூலை மட்டுமே காணும் மாணவனுக்கு இவ்வறிவு எளிதில் வருவதில்லை.

இரண்டாவது, ஆசிரியர் மாற்றம். சுவாமிகள் 1922இல் மறைந்தார். பின்னர்த் தி. க. ச. உடன்பிறந்தார் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். அவர்களைப் பயிற்றிய எம். கந்தசாமி முதலியார் வேறு நெறியினர். பாட்டினும் உரையாடலுக்கும், இசையினும் மெய்ப்பாட்டிற்கும் அவர் முதன்மை தந்தார், ஜே. ஆர். ரங்கராஜுவின் புதினங்களை நாடகமாக்கிப் பயிற்றினார். பாட்டு நாடகத்திற் பழகிய சிறுவர், அன்றாட உடையணிந்து அன்றாடப் பேச்சினைப் பேச வேண்டியவராயினர். ஒரே கலைக்கு இரண்டு இலக்கணம் உண்டு என்று அறிந்தவன், மூன்றாவது ஒன்றும் இருத்தல் கூடும் என எண்ணத் தலைப்படுவான். ஓராசிரியரிடம் மட்டும் கற்றவன் அவரைப் போற்றுவான். இருவரிடம் கற்றவன் ஒப்பிடுவான். ஒப்பீட்டிலிருந்தே ஆக்கம் தொடங்குகின்றது.

மூன்றாவது, எழுதப்படாத பகுதி. பழைய நாடகங்களில் நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் நடிகன் பொறுப்பிலேயே விடப்பட்டது. தலைவனுக்கும் தலைவிக்கும் பாட்டும் வசனமும் வரையறுக்கப்பட்டிருக்க, கோமாளிக்கு மட்டும் உரிமை இருந்தது. தி. க. ச. சபையில் வளர்ந்த என். எஸ். கிருஷ்ணன் இவ்வுரிமையைப் பயன்கொண்ட முறை நம் கருத்திற்கு வலுவான சான்று. பின்னர்த் திரைக்கும் வந்த அவர், தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துக்கொள்ளும் வழக்கம் உடையவர். சபையில் மிகக் குறைவாக எழுதித் தரப்பட்ட வேடத்திலிருந்தே மிகுதியாக ஆக்கிய கலைஞர் தோன்றினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நான்காவது, மகரக்கட்டு. குரல் உடையும் பருவம் சபைச் சிறுவனுக்குப் பெருந்துன்பமாயிற்று. இனிய குரலால் பெண்வேடம் புனைந்து புகழ் பெற்றவன் ஒரு பருவத்திற்குள் அதனை இழந்தான். பாடம் அவனைக் கைவிட்ட இடம் அது. அதன்பின் சபையில் நிலைக்க வேண்டுமாயின், புதியதொரு திறனை அவன் தேடிக்கொள்ளல் வேண்டும். உடன்பிறந்தாருள் ஒருவரான தி. க. முத்துசாமி நாடக ஆசிரியராயினார். அவர் அமைத்த ‘குமாஸ்தாவின் பெண்’ மேடையில் வென்று, 1941இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. சண்முகமோ முப்பதாண்டு நிரம்பிய நிலையில், காதற்றலைவியும் அல்லாத, அரசியும் அல்லாத முதிய புலமைப் பெண்ணாகிய ஒளவையாரை ஆக்கிக்காட்டி, அப்பெயரையே தம் பெயராகப் பெற்றார்.

மறுப்பும் விடையும்

இக்கூற்றிற்கு எதிராக இரு மறுப்புகள் எழுதல் கூடும்.

நாம் காட்டுவோர் எல்லாம் புகழ் பெற்றோர். அவரைக் கொண்டு ஒரு பயிற்சி முறையை மதிப்பிடல் பொருந்துமா என்பது ஒன்று. இம்மறுப்பு வலியது, இதனை நாம் பெரிதும் ஏற்கின்றோம். சபைகளிற் சேர்ந்த சிறுவர் மிகப் பலர். நூல்களில் இடம் பெற்றோர் மிகச் சிலர். பள்ளிப் படிப்பை இழந்து, அடியும் பசியும் தாங்கி, குரல் உடைந்தபின் வெளியேறியோரின் வரலாற்றை எவரும் எழுதவில்லை. வாழ்க்கை வரலாறு எழுதும் நடிகர், தாம் பட்ட துன்பத்தைத் தம் வெற்றியின் விலையாகக் காண்பது இயல்பு. வெற்றி பெறாதவனுக்கு அது வெறுந்துன்பமே. சண்முகத்தின் நூலையும் இவ்வெச்சரிக்கையோடே படித்தல் வேண்டும். ஆசிரியர்பால் அவர் கொண்ட நன்றியுணர்வு அந்நூலின் அழகு. அதுவே அதன் எல்லையும் ஆகும். எனவே, சபைகளை மீண்டும் நிறுவ வேண்டும் என்பது நம் கருத்தன்று. கொடுமையின்றியே கொள்ளத்தக்க ஒரு கூறு அவற்றில் இருந்தது. அது கொடுமையின் விளைவு அன்று என்பதே நாம் கூறுவது.

பாடமே வேண்டா, இளையோரைக் கட்டின்றி விட்டால் ஆக்கத்திறன் தானே மலரும் என்பது மற்றொன்று. இதனை நாம் ஏற்பதற்கில்லை. ஸ்பெஷல் நாடகம் என வழங்கும் மரபினை நோக்குக. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையில் சந்தித்து ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களை நடிக்கின்றனர். ஒருவர் பாட்டாலும் சொல்லாலும் வினவ, மற்றவர் உடன் விடை தருவதாகிய தர்க்கம் அதன் உயிர். புறத்தே இது கட்டற்ற கலையாகத் தோன்றும். உண்மையிலோ, எண்ணற்ற பாடல்களும் புராணச் செய்திகளும் நினைவில் இருந்தாலன்றி எந்நடிகரும் அத்தர்க்கத்தில் நிலைக்க இயலாது. நினைவிற் பொருளின்றி மேடையேறியவன் கூறுவது மறுமொழி ஆகாது. முன்னோர் கூறிய பழஞ்சொல்லையே அறியாது திரும்பக் கூறுதல் ஆகும். பாடம் மறுமொழிக்குப் பகை அன்று. மறுமொழிக்கு இடமின்றி முடிந்துவிடும் பாடமே பகை.

இக்காலத்திற்கு வேண்டுவது

இவ்வேறுபாடு இன்றைய கல்விக்கு இன்றியமையாதது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, கலைக்கல்வியைப் பள்ளிக் கல்வியின் ஓர் உறுப்பாக வற்புறுத்தியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022–23ஆம் கல்வியாண்டில் தொடங்கப்பெற்ற கலைத் திருவிழா, கலைகளுக்கு உரிய மேடையை ஏழை மாணவருக்கும் திறந்துவிட்டது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும், போட்டி என்பது முடிந்த பொருளை அளப்பது. நடுவர் காண்பது சில நிமிட நாடகம். அதனை எழுதியவர் ஆசிரியரா மாணவரா, ஒத்திகையில் மாணவன் எதனை மாற்றினான் என்பன அவர் கண்ணிற் படுவதில்லை. பரிசு பெறும் ஆர்வத்தால் ஆசிரியர் எல்லாவற்றையும் தாமே வகுத்துத் தந்துவிட்டால், பாலர் சபையின் நெட்டுரு மட்டும் மீளும். அதில் இருந்த இடைவெளிகள் மீளா.

தமிழ்த் துறைகளில் பயிலும் மாணவர்க்கும் இது பொருந்தும். நாடகத்தை நூலாகவே படிக்கின்றோம். தேர்வில் அதன் அமைப்பை வரைகின்றோம். மாதவி விடுத்த முதல் மடலைக் கோவலன் ஏற்க மறுத்தான். கோசிகன் வழி வந்த மடலைப் படித்தும், அவளுக்கென மறுமடல் எழுதினான் அல்லன். அவன் எழுதாத அம்மடலை, காப்பியத்தின் சொல்வழக்கும் அவன் இயல்பும் மாறாமல், அகவல் யாப்பில் எழுதி வகுப்பில் நடித்துக் காட்டுமாறு முதுகலை மாணவர் ஒருவரைப் பணித்தால், அவர் காப்பியத்தை எந்த அளவு கற்றுள்ளார் என்பதும், அவரிடம் சொல்லுதற்கு என்ன உண்டு என்பதும் ஒருங்கே புலப்படும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. புதிய கூடமும் வேண்டா. நூலைப் பிழையறக் கற்பிப்பதும், கற்பித்தபின் விலகி நிற்பதும் ஆசிரியர் கடன்.

இளையோர்க்கு நாடகம் பயிற்றுவோரிடம் இனி நாம் கேட்க வேண்டிய வினா, மாணவர் எத்துணை நன்கு நடித்தனர் என்பது மட்டுமன்று. அவர்கள் நடித்ததில், ஆசிரியரும் எதிர்பாராத ஒரு சொல்லேனும் இருந்ததா என்பதையும் கேட்டல் வேண்டும். இருந்ததெனின் பயிற்சி பயன் தந்தது. இல்லையெனின், நாம் பெற்றது நல்லதோர் அரங்கேற்றம். கானல்வரிக்கு இன்னும் காத்திருக்க வேண்டியதே.