படைக்கும் வீட்டுக்கும் ஒரே பாட்டு

அரக்கோணத்தில் இன்று ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கும் இடத்தில் இரண்டாம் உலகப் போரின்போதே விமான ஓடுதளம் அமைத்துவிட்டார்கள். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியக் குண்டுகள் விழ, சென்னைவாசிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். போர் பற்றிய பயமும், போரைச் சற்றே மறக்கவைக்கும் பாட்டும் அப்போது ஒரே பெட்டியிலிருந்து வந்தன. இந்தப் போர்க்கால வானொலிப் பொழுதுபோக்கு எதைச் சாதித்தது, எங்கே தவறியது?

இதற்கு முன்மாதிரி பி.பி.சி. 1940 ஜனவரியில் படையினருக்கென்றே தனி ஒலிபரப்பைத் தொடங்கியது. நடன இசை, நகைச்சுவை, விரும்பிக் கேட்ட பாடல்கள் என்று பொழுது ஓடும். வீட்டில் இருந்தவர்களுக்கும் அதுவே பிடித்துப்போனது. 1944 பிப்ரவரியில் அதை மாற்றியமைத்து, கடல் கடந்த முகாமிலும் உள்நாட்டு வீட்டிலும் ஒரே நிகழ்ச்சி ஒலிக்கும்படி செய்தார்கள். இந்த முயற்சியின் உச்சமான சாதனை அதுதான் என்பேன். மகன் இந்நேரம் இதைக் கேட்டுக்கொண்டிருப்பான் என்று ஒரு தாய் நினைக்க முடிந்ததே, அந்த ஆறுதலைக் கடிதத்தால் தர முடியாது. கடிதம் வந்து சேர வாரக்கணக்காகும். பாடகி வேரா லின் 1941இல் படையினருக்காக நடத்திய நிகழ்ச்சியை, உருக்கமான பாட்டு வீரர்களின் மன உறுதியைக் குலைக்கும் என்று சிலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் தவறு. வீட்டை நினைத்து ஏங்குவதால் எவனும் கோழையாகிவிடுவதில்லை.

உண்மையான குறைகள் வேறு. முதலாவது, மொழி. போர் முடியும்போது இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தார்கள். பர்மா முனையில் போரிட்டவர்களில் பெரும்பகுதி இவர்களே. ஆனால் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமை கொழும்பில் நடத்திய 'ரேடியோ சியாக்' முதன்மையாக ஆங்கிலம் பேசும் வீரர்களை எண்ணியே இயங்கியது. தமிழ்ச் சிப்பாயின் வீட்டிலோ பெட்டியே கிடையாது. 1947இல்கூட நாடு முழுவதற்கும் மூன்று லட்சத்துக்கும் குறைவான வானொலி உரிமங்களே இருந்தன. சென்னையில் பூங்காவிலும் கடற்கரையிலும் மாநகராட்சி வைத்த ஒலிபெருக்கியைச் சூழ்ந்து நின்று கேட்டவர்கள் பலர். படைக்கும் வீட்டுக்கும் பாலம் என்ற பேச்சு, ரேடியோ வாங்க வசதியுள்ள வீட்டுக்கே பொருந்தியது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பாட்டு நேயரின் நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுக்கும்; அந்த நம்பிக்கையைச் செய்தி தன் வசதிக்குச் செலவழிக்கும். தோல்வி தணிக்கையில் சுருங்கும். எல்லாத் தரப்பும் இதைச் செய்தன. தமிழிலும் பேசிய ஆசாத் ஹிந்த் வானொலியும் விதிவிலக்கு அல்ல. இந்தியாவில் எதிரி ஒலிபரப்பைப் பரப்புவது குற்றமானதால், மக்கள் வதந்தியைத்தான் நம்பினார்கள்.

ஆனாலும் போர் விட்டுச்சென்ற கருவிகள் நமக்குப் பெரும் கொடையாயின. கொழும்பின் படை வானொலி இலங்கை அரசின் கைக்கு வந்தது. கொழும்பை அடுத்த எக்கலையின் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி, போர்த் தேவை தீர்ந்த பிறகு இலங்கை வானொலியைத் தமிழகத்தின் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 1952இல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடலை ஒதுக்க, நேயர்கள் கொழும்புக்குத் திருப்பினார்கள். இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாடெங்கும் பழகிப்போனது. கொழும்புக்குப் போன நேயர்களை மீட்கவே 1957 அக்டோபர் 3ஆம் தேதி அகில இந்திய வானொலியின் விவித் பாரதி பிறந்தது.

அதில் படைவீரர்களுக்கான 'ஜெயமாலா' நிகழ்ச்சி, வீரரின் பெயரைச் சொல்லி அவர் விரும்பிய பாடலை ஒலிபரப்பியது. போர்க்கால வானொலியின் நல்ல பகுதியை மட்டும் எடுத்துக்கொண்ட வடிவம் அது: அறிவுரை இல்லை, முழக்கம் இல்லை, ஒரு பெயரும் ஒரு பாட்டும்தான். ஆனால் அது இந்திப் பாடல் நிகழ்ச்சி. மதராஸ் ரெஜிமென்ட்டின் வீரர் தம் தாய்மொழிப் பாட்டை அங்கே கேட்க வழியில்லை. போர்க்கால ஒலிபரப்பிலேயே இருந்த இந்த மொழிக் குறை, நாடு விடுதலை பெற்ற பின்னும் தீரவில்லை.

1992 மார்ச் 11 முதல் அரக்கோணம் ஒரு கடற்படை விமானத் தளத்தின் ஊர். எல்லையில் நிற்கும் தமிழருக்கும், பிற மாநிலங்களிலிருந்து இங்கே வந்து பணிபுரிவோருக்கும் அவரவர் மொழியில் பெயர் சொல்லிப் பாட்டுப் போடும் நேரத்தை அந்தந்த மாநில நிலையங்கள் நாள்தோறும் ஒதுக்க வேண்டும். சென்னை வானொலி அதைத் தொடங்கி வைக்கட்டும்.