லேகிய ஜாடியும் காலாவதித் தேதியும்

தீபாவளிக்கு முந்தைய வாரம் மயிலாப்பூர் கச்சேரி சாலையில் டப்பா செட்டிக் கடை வாசலில் கூட்டம் அலைமோதும். கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சுக்கு என்று லேகியச் சாமான் வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் அதை அரைத்து, வெல்லம் சேர்த்து, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறி இறக்குகிறார்கள். ஃப்ரிட்ஜில் வைக்காவிட்டாலும் அது வாரக்கணக்கில் கெடுவதில்லை. கிளறக் கிளற நீர் சுண்டுகிறது. மிஞ்சும் நீரை வெல்லப் பாகு தன்னோடு பிடித்துக்கொள்வதால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அது எட்டுவதில்லை. மேலே படியும் நெய் காற்றைத் தடுக்கிறது. ஆய்வகம் எதுவும் இல்லாத காலத்தில் இந்தப் பக்குவத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

தீபாவளி லேகியத்தில் கஞ்சா கிடையாது. ஆனால் இதே பக்குவத்தில் கஞ்சா சேரும் லேகியங்கள் சித்த, ஆயுர்வேத மரபுகளில் உண்டு. மருந்துச் சட்டத்தின் நச்சுப் பொருள் பட்டியலான இ-1 அட்டவணையில் கஞ்சாவும் இருக்கிறது. அப்பட்டியலில் உள்ள சரக்கு சேர்ந்த மருந்தின் லேபிளில் ‘மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ளவும்’ என்ற எச்சரிக்கை கட்டாயம். ரயிலில் கடத்தி வந்து பிடிபடும் கஞ்சா சாக்லேட்டுக்கு இந்த எச்சரிக்கையும் இல்லை, தேதியும் இல்லை. அது குற்றம், அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. உரிமத்தோடு செய்து, வைத்தியர் எழுதிக் கொடுக்கும் லேகியத்தையே நாம் எப்படிப் பாதுகாக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

சித்த, ஆயுர்வேத மருந்துகளின் ஆயுளை மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருள்கள் விதிகளின் 161-பி பிரிவு வகைவாரியாக வரையறுக்கிறது. ஆயுர்வேதத்தில் அவலேகம் எனப்படும் லேகியத்துக்கு மூன்று ஆண்டு. இந்த விதி வந்ததை மனமார வரவேற்கிறேன். ‘நாட்டு மருந்து நாளாக நாளாக வீரியம் ஏறும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி, பழைய சரக்கைத் தள்ளிவிடும் பழக்கத்துக்கு அது ஒரு கடிவாளம் போட்டது.

ஆனால் வகைக்கு ஒரு தேதி என்னும்போது, உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்பது கணக்கில் வராமல் போகிறது. நெல்லிக்காய் லேகியமும் கஞ்சா சேர்ந்த லேகியமும் ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றன. பூஞ்சை பிடிக்காமல் இருப்பது ஒன்று, வீரியம் மாறாமல் இருப்பது வேறு.

கஞ்சாவின் வீரியம் நிலையாக நிற்காது. பச்சைச் செடியில் அது பெரும்பாலும் அமில வடிவில் இருக்கிறது, போதை தராது. சூடு பட்டதும் அந்த அமிலம் டி.ஹெச்.சி என்ற போதை தரும் பொருளாக மாறுகிறது. கழுவிய இலையை நெய்யில் வறுக்கும் சுத்தி முறையிலும் பாகில் கிளறும்போதும் நடப்பது இதுதான். பிறகு காற்றும் வெளிச்சமும் பட்டு, டி.ஹெச்.சி கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னாபினால் என்ற வீரியம் குறைந்த பொருளாகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ராஸ், எல்சோலி இருவரும் அறை வெப்பத்தில் வைத்திருந்த கஞ்சாவைச் சோதித்து 1990-களில் வெளியிட்ட ஆய்வில், டி.ஹெச்.சி முதல் ஆண்டில் ஏறக்குறைய 17 விழுக்காடும், நான்கு ஆண்டில் 41 விழுக்காடும் குறைந்திருந்தது. அவர்கள் சோதித்தது உலர்ந்த செடியை. நெய்யும் பாகும் மூடிய லேகியத்துக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் எந்தத் திசையில் போகிறது என்பதில் சந்தேகமில்லை.

வெள்ளைக்கார ஆட்சிக்கும் இது தெரிந்த சங்கதிதான். வட ஆர்க்காட்டுச் சந்தவாசலில் உரிமம் கொடுத்துக் கஞ்சா பயிரிடவைத்த ஆட்சி அது. 1893-94-இல் கூடிய கஞ்சா ஆணையத்தின் முன், வைக்க வைக்கக் கஞ்சாவின் வேகம் குறைவது பேசப்பட்டது. 1932-இல் பிரிட்டிஷ் மருந்தேடு கஞ்சாவைக் கைவிட்டதற்கு, சரக்குக்குச் சரக்கு வீரியம் மாறியதும் ஒரு காரணம்.

எங்கே வைப்பது என்ற விஷயத்தில் நம் பாட்டிகள் கில்லாடிகள். 1976-இல் ஃபேர்பெர்னும் கூட்டாளிகளும் லண்டனில் செய்த ஆய்வு, கஞ்சாவைக் கெடுப்பதில் முதல் எதிரி வெளிச்சம் என்றது. இருட்டில் நன்றாக மூடி வைத்தால் ஓரிரு ஆண்டு ஓரளவு தாங்கும் என்றும் சொன்னது. பீங்கான் ஜாடியில் போட்டு, வாய்க்கு வேடு கட்டி, இருட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்த வழக்கம் அதற்கு முழுக்கப் பொருந்துகிறது. இன்றோ உள்ளே இருப்பது பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நிறமில்லாத பிளாஸ்டிக் புட்டியில் லேகியம் விற்கிறார்கள். அடையாறு, தி. நகர் அடுக்ககச் சமையலறைகளில் அந்தப் புட்டி போய் உட்காரும் இடம் அடுப்புக்கு மேல் தட்டு. மே மாதம் வெளியே 40 டிகிரி அடிக்கிறது, கீழே குக்கர் ஆவி விடுகிறது, ஜன்னல் வழியாக வெயில் நேராக விழுகிறது.

அப்படிப்பட்ட ஒரு புட்டியைத் திறந்து பார்த்தால் மேலே விரல்கடை உயரத்துக்கு நெய் பிரிந்து மிதக்கும், அடியில் வெல்லம் பூத்து மணல்போல நெறுநெறுக்கும். சாதாரண லேகியத்தில் இது ருசிக் குறை, போனால் போகிறது. கஞ்சா லேகியத்தில் இது ஆபத்து. கஞ்சாவின் வீரியப் பொருள் நீரில் கரையாது, நெய்யில்தான் கரையும். மேலோட்டமாக வழித்து எடுத்த உருண்டைக்கும் அடியில் சுரண்டி எடுத்த உருண்டைக்கும் வீரியம் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வாயால் உண்டது வேலை காட்ட அரை மணி முதல் இரண்டு மணி வரை ஆகலாம். ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று இரண்டாவது உருண்டை போட்டுக்கொள்கிறவர் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஈரக் கரண்டி விடுவதும் அடுப்புத் தட்டில் வைப்பதும் இந்தப் பிரிவை இன்னும் மோசமாக்கும்.

மரபின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. ‘சுண்டைக்காய் அளவு’, ‘நெல்லிக்காய் அளவு’ என்ற கணக்கு, லேகியத்தைக் கிளறிய வைத்தியரே நாடி பார்த்து, தன் கையால் உருட்டிக் கொடுத்த காலத்தில் சரியாக இருந்தது. ஜாடியின் வயது அவருக்குத் தெரியும், போன தடவை கொடுத்தது எப்படி வேலை செய்தது என்பதும் தெரியும். கம்பெனி கிளறி, கடை விற்று, வீட்டில் மூன்று ஆண்டு கிடக்கும் லேகியத்துக்கும் அதே சுண்டைக்காயைச் சொல்வது நியாயமில்லை. கொடுத்த கை மாறியபோதே அளவும் மில்லிகிராமுக்கு மாறியிருக்க வேண்டும்.

இது ஆகாத காரியம் அல்ல. அரும்பாக்கம் சித்த மத்திய ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் மருந்துச் சரக்கைப் பகுத்துப் பார்க்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. செய்த அன்று டி.ஹெச்.சி எவ்வளவு, ஆயுள் முடியும்போது எவ்வளவு நிற்கும் என்ற இரண்டு எண்களையும் லேபிளில் அச்சிடச் சொல்ல வேண்டும். புட்டி சிறியதாக, ஒளி புகாததாக, குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத மூடியோடு வர வேண்டும். தித்திப்பாக இருப்பதால் பிள்ளைகள் இதை மிட்டாய் என்று எடுத்து வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். திறந்த பிறகு எத்தனை நாள் என்பது தனியாக இருக்க வேண்டும், மூடிய புட்டிக்குச் சொன்ன மூன்று ஆண்டு திறந்த புட்டிக்கு ஆகாது. சிகிச்சை முடிந்து மிஞ்சுவதை அடுத்த வீட்டு முழங்கால் வலிக்குத் தூக்கிக் கொடுக்காமல், வாங்கிய வைத்தியசாலையே திரும்பப் பெற்று அழிக்கும் ஏற்பாடும் வேண்டும்.